சேப்பாக்கத்தில் ஒரு தோணிப் பாய்!

டோக்கியோவில் யோயோகி என்றொரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 1964 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்தது. நீச்சல் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அவ்வளவு பெரிய அரங்கில், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு ராட்சதக் கம்பங்களுக்கு இடையே இரும்பு வடங்களை இழுத்துக் கட்டி, கூரையை அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். உலகமே வியந்ததாம். பாய்மரத்தில் கயிறு இழுத்துக் கட்டித் தோணி ஓட்டிய நம்ம தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால், "இதுல என்ன இருக்கு?" என்பார்கள்.

டோக்கியோவுக்கு டிக்கெட் போட நமக்கு வசதியில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு உண்டு. சென்னை சேப்பாக்கம் போய், அதே வித்தையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

2011 உலகக் கோப்பையை ஒட்டி, லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் ஐ, ஜே, கே என மூன்று புதிய கேலரிகள் எழுந்தன. தலைக்கு மேலே கான்கிரீட் இல்லை; வடங்களால் இழுத்துக் கட்டிய மெல்லிய வெள்ளை விரிப்பு. விறைப்பாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம். தொய்ந்தால் காற்று கிழித்துவிடும். பாய்க்கும் அதே கணக்குதான். வெளிச்சம் உள்ளே வருகிறது, வெயில் சுடவில்லை. பார்வையை மறைக்கத் தூணும் இல்லை. மெரினா காற்று மைதானத்துக்குள் வரவேண்டும் என்று யோசித்தே கட்டியிருக்கிறார்கள். தருவை மைதானத்து வெயிலில் காய்ந்தவர்களுக்கு அந்தக் காற்றின் அருமை தெரியும்.

ஆனால், கட்டிய வருடமே அனுமதிச் சிக்கல். பக்கத்திலிருந்த கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்தோடு சேர்ந்த பஞ்சாயத்து நீதிமன்றம் வரை போனது. சுமார் 12,000 இருக்கைகள்! வெளியே டிக்கெட்டுக்கு விடிய விடிய வரிசை, உள்ளே மூன்று கேலரிகள் காலி. டிவியில் ஐபிஎல் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. 2023-ல்தான் கலைஞர் பெயரிலான புதிய கேலரியோடு சேர்த்து மைதானம் முழுசாக நிறைந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று. கேலரியின் சரிவு 36 டிகிரி, நல்ல செங்குத்து. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிக்குக் கீழ் வரிசையாகப் பார்த்து எடுங்கள். பறக்கும் ரயிலில் போனால் சேப்பாக்கம் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது.