கோவாவுக்கு எந்த விமானம்?

குளிர்கால விடுமுறை நெருங்கியதும் தில்லியில் வாழும் நம் குடும்பங்களில் கோவாவைப் பற்றிய பேச்சு எழுகிறது. பெற்றோரின் கைப்பேசியை வாங்கி விமானக் கட்டணங்களைத் தேடுபவர் பெரும்பாலும் நீங்களே. திரையின் முதல் வரியில் மிகக் குறைந்த தொகையைக் கண்டவுடன், "அப்பா, இதையே எடுத்துவிடலாம்" என்று கூறிவிடுகிறீர்கள். அந்த முதல் வரியை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியன்று என்பது என் கருத்து.

கோவாவில் விமான நிலையங்கள் இரண்டு. வாஸ்கோ நகரை அடுத்த தபோலிம் பழையது. கடற்படைத் தளத்தோடு இணைந்தது. கடற்படைப் பயிற்சியின் பொருட்டு வார நாள்களின் காலை வேளையில் அங்குப் பயணிகள் விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. வடகோவாவிலுள்ள மோபா புதியது. 2023 சனவரி 5 அன்று பயணிகள் சேவையைத் தொடங்கியது. தேடும்போது இரண்டும் 'கோவா' என்றே தோன்றும். மோபாவுக்கு அரம்போல் கடற்கரை அண்மையில் உள்ளது. தென்கோடிப் பாலோலெமோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மட்காவ் பக்கம் தங்குவோர்க்குத் தபோலிமே அருகில்.

மோபா செல்லும் விமானத்தில் ஒருவருக்கு 500 ரூபாய் குறைவு என வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 2000 ரூபாய் மிச்சம். தென்கோவாவில் தங்குவதாயின் அந்த மிச்சத்தை வாடகை மகிழுந்தே விழுங்கிவிடும். விடுமுறையின் ஒரு பகுதியும் சாலையில் கழியும். எனவே தங்குமிடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பின்னர் விமான நிலையம். அதன் பின்னரே நிறுவனம்.

நிறுவனங்களுக்குள் வேறுபாடு நாம் எண்ணுமளவு பெரிதன்று. ஏர் இந்தியாவின் கட்டணத்தில் பொதுவாக உணவும் அடங்கும். இண்டிகோ, ஆகாசா போன்றவற்றில் உணவை விலைகொடுத்து வாங்க வேண்டும். இரண்டரை மணி நேரப் பயணத்திற்கு வீட்டுப் புளியோதரையே போதும் என்பேன். சாதாரண வகுப்பில் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் பொதுவான அளவு. பெட்டி கொண்டுவராதோர்க்கு எனச் சில நிறுவனங்கள் மலிவுக் கட்டணம் வைத்துள்ளன. அதை வாங்கிவிட்டுப் பெட்டியோடு போய் நின்றால் தனிப்பணம் கட்ட நேரும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கவும் தொகை கேட்கிறார்கள். சன்னல் வழியே துண்டு போட்டுப் பேருந்தில் இடம்பிடித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இது மனத்திற்கு ஒப்பவில்லை. ஒரே பதிவில் பயணம் செய்யும் 12 வயது வரையிலான குழந்தையைப் பெற்றோருள் ஒருவர் அருகிலேனும் அமர்த்த வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024இல் அறிவுறுத்தியுள்ளது. ஆகவே தம்பி தனியே அமர நேருமோ என்ற அச்சத்தால் பணம் கட்ட வேண்டுவதில்லை.

நான் மிகுதியும் அஞ்சுவது மூடுபனியை. திசம்பர் இறுதியில் தில்லியின் வைகறை விமானங்கள் பல மணி நேரம் தாமதமாவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மலிவு என்று வைகறை விமானத்தை வாங்கி, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியை இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, விமான நிலைய நாற்காலியில் நண்பகல் வரை அமர்த்துவது சிக்கனம் ஆகாது. பனி விலகிய நண்பகல் விமானத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே நன்று. அதே நாளில், அதே ஊருக்குப் பல விமானங்களை இயக்கும் நிறுவனமாயின் இன்னும் நல்லது. ஒன்று நின்றுபோனால் மற்றொன்றில் இடம்பெற வழியிருக்கும். விமானம் ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கிறித்துமசு வாரத்தில் அதே பணத்திற்கு வேறு இருக்கை கிடைப்பது அரிது.

திரும்பும் பயணத்திற்கும் இதே கணக்குத்தான். பள்ளி திறப்பதற்கு முந்தைய மாலையில் பலரும் ஊர் திரும்ப விரும்புவதால் கட்டணம் உயர்ந்திருக்கும். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் பணமும் மிஞ்சும். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே நான் சுழியம் இடவும் நேராது.