காதல் கப்பலின் கீழ்த்தளம்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1977 செப்டம்பர் முதல் 1986 மே வரை ஒன்பது பருவங்கள் ஓடிய தொடர் 'தி லவ் போட்'. 'பசிபிக் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பல் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவின் கடற்கரை நகரங்களை நோக்கிப் புறப்படும். வாரந்தோறும் புதிய பயணிகள் ஏறுவர். மூன்று கதைகள் பின்னிப் பின்னி நடக்கும். பிணங்கிய தம்பதியர் கூடுவர். தனித்திருந்த முதியவர் துணை காண்பார். கூச்சம் மிக்க இளைஞன் காதலைச் சொல்லிவிடுவான். ஒரு மணி நேரத்தில் எல்லாச் சிக்கலும் தீர்ந்து, புன்னகையுடன் அனைவரும் கரையிறங்குவர்.

'உழைத்துக் களைத்தவர்கள் சற்றுச் சிரித்துவிட்டுப் போகட்டுமே, இதில் என்ன அரசியல்?' என்று கேட்போர் இயக்கத்துக்குள்ளும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஓய்வும் காதலும் உழைக்கும் வர்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமே ஓய்வுக்கான போராட்டந்தான். சினிமாவையும் தொடரையும் கண்டு முகம் சுளிப்பது பண்பாட்டு அரசியல் ஆகாது. குறை காதலில் இல்லை. அந்தக் காதல் மிதக்கும் கப்பலை யார் ஓட்டுகிறார் என்பதைத் தொடர் மறைக்கும் விதத்தில் இருக்கிறது.

தொடரின் நிலையான பாத்திரங்களை எண்ணிப் பார்க்கலாம். கேப்டன் ஸ்டூபிங், மருத்துவர், பயணியர் அலுவலர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர், மதுக்கூடப் பணியாளர் ஐசக். எஞ்சின் அறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவர் கதையின் நாயகர் அல்லர். படுக்கை விரிப்பை மாற்றுபவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் காதலும் இல்லை, கவலையும் இல்லை. நிலையான பாத்திரங்களுள் ஒரே கறுப்பினத்தவரான ஐசக் கண்ணியமாகவே காட்டப்படுகிறார். ஆனால் அவர் கையில் இருப்பது பிறருக்கு ஊற்றித்தரும் கோப்பை. பண்டம் தன்னை உருவாக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டு தானே உயிர் பெற்றது போல் நிற்பதைப் 'பண்ட மாயை' என்றார் மார்க்ஸ். இங்கே பண்டம் ஒரு விடுமுறைப் பயணம். அதற்கு உயிரூட்டிய மாயையின் பெயர் காதல்.

இது தற்செயலும் அன்று. கதைக்களமான கப்பல், பயணச்சீட்டு விற்கும் பிரின்சஸ் நிறுவனத்தின் உண்மையான கப்பல். கேப்டனாக நடித்த கேவின் மெக்லியோட் பின்னர் அந்நிறுவனத்தின் விளம்பர முகமானார். விளம்பரத்துக்கு இடையே நாடகம் என்ற நிலை போய், நாடகமே விளம்பரமாயிற்று. அத்தொடர் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த 1981 ஆகஸ்டில்தான், வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் அரசு பணிநீக்கியது.

பிரின்சஸ் நிறுவனத்தை 1974இல் வாங்கியது பிரிட்டனின் பி அண்ட் ஓ. பேரரசின் அஞ்சலையும் அதிகாரிகளையும் இந்தியாவுக்குச் சுமந்துவந்த நிறுவனம் அது. அதன் கொதிகலன்களுக்குக் கரி அள்ளிப்போட்ட இந்திய லஸ்கர்கள் ஐரோப்பிய மாலுமியின் கூலியில் ஒரு சிறு பகுதியையே பெற்றனர். 2003இல் பிரின்சஸ் கார்னிவல் குழுமத்தின் கைக்குச் சென்றது. அக்குழுமம் மியாமியிலிருந்து ஆளப்படுகிறது. ஆனால் அது நெடுங்காலம் பதிவு செய்யப்பட்டிருந்தது பனாமாவில். இத்துறையின் கப்பல்கள் பஹாமாஸ், பெர்முடா, பனாமா ஆகியவற்றின் கொடிகளைப் பறக்கவிடுகின்றன. கொடி எந்த நாட்டுடையதோ அந்நாட்டுச் சட்டமே கப்பலில் செல்லும் என்பதால், வரியும் தொழிலாளர் சட்டமும் எங்கே இலேசோ அங்கே கொடி வாங்கப்படுகிறது. இதற்கு 'வசதிக் கொடி' என்று பெயர். வசதி யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் அகமரபு காதலையும் பிழைப்பையும் பிரித்துப் பார்த்ததில்லை. பொருள் தேடப் போகும் தலைவனின் பிரிவைப் 'பொருள்வயிற் பிரிவு' என்றே பெயரிட்டது. கடல்வழிப் பயணத்தில் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் வகுத்தது. இன்று ஆறு மாதம், ஒன்பது மாதம் என ஒப்பந்தத்தில் கப்பலேறும் இந்திய, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு அந்த விதி மாறவில்லை. அவர்கள் காதல் கரையில் இருக்கிறது. மேல்தளத்தில் நடக்கும் காதலுக்கு அவர்கள் மேசை துடைக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் மாயை ஒருமுறை கிழிந்தது. அதே நிறுவனத்தின் 'டயமண்ட் பிரின்சஸ்' 3,711 பேருடன் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்டது; 700க்கும் மேற்பட்டோரைக் கொரோனா பற்றியது. பயணிகள் தத்தம் அறைகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். அவர்களின் வாசலுக்கு உணவு கொண்டுசென்ற தொழிலாளர்களோ ஒரே அறையைப் பலராய்ப் பகிர்ந்து, ஒரே கூடத்தில் உண்டு, வேலையைத் தொடர்ந்தனர். அவர்களுள் இந்தியர் 132 பேர். மீட்கும்படி கைப்பேசிக் காணொளி வழியாக அவர்கள் மன்றாடிய பிறகே கீழ்த்தளம் என்று ஒன்று இருப்பதை உலகம் கண்டது.

'பசிபிக் பிரின்சஸ்' கப்பலின் கடைசிப் பயணம் எந்தப் பருவத்திலும் இடம்பெறவில்லை. 2013இல் அது உடைக்கப்படுவதற்காகத் துருக்கியின் அலியாகா கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. ஆகஸ்டில், கப்பலுக்குள் புகுந்த நீரை எஞ்சின் அறையிலிருந்து இறைத்தபோது நச்சுப்புகையில் இரண்டு தொழிலாளர்கள் மாண்டனர். அதே ஆகஸ்டில் 'கரீபியன் பிரின்சஸ்' கப்பலிலிருந்து இரகசியக் குழாய் வழியே எண்ணெய்க் கழிவு கடலில் கொட்டப்பட்டதைப் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் அம்பலப்படுத்தினார். 2016இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அதே 2013 ஆகஸ்டில்தான். அந்த உடன்படிக்கைகூட ஒரு நாளில் 14 மணி நேரமும், வாரத்தில் 72 மணி நேரமும் வேலை வாங்க இடந்தருகிறது!

இவை தூரதேசத்துச் செய்திகள் என்று ஒதுக்க இயலாது. ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது; உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029க்குள் இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. வண்ண விளம்பரங்கள் பெருகும். உள்நாட்டுக் காதல் கப்பல்களும் திரையில் மிதக்கும். காலாவதியான கப்பல்களை உடைக்கக் குஜராத்தின் அலங் கரையும் காத்திருக்கிறது. அக்கப்பல்களில் வேலை நேரம் எவ்வளவு, எந்த நாட்டுக் கொடி, சங்கம் அமைக்கும் உரிமை உண்டா, உடைப்போருக்குப் பாதுகாப்பு என்ன என்று எந்தத் தொடரும் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவை தொழிற்சங்கங்களும் இடதுசாரி இயக்கமுமே.

தோழர்கள் தொடரைப் பார்க்கட்டும், சிரிக்கவும் செய்யட்டும். ஆனால் நாயகனும் நாயகியும் விருந்து முடித்து மேசையைவிட்டு எழும்போது, அந்தத் தட்டுகளை எடுத்துச் செல்லும் கைகள் திரையைவிட்டு எங்கே போகின்றன என்று ஒருமுறை பின்தொடரட்டும். அரசியல் கல்வி அங்கிருந்தும் தொடங்கலாம்.