உயிர் காலேஜில் வாத்தியார் எங்கே?



பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. ஊரிலிருந்து ரயிலில் வந்திறங்கும் சொந்தக்காரர்களுக்கு இரண்டையும் சுற்றிக் காட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப்போவது அந்தக் காலத்து உபசாரம்.

இரண்டு காலேஜும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர்தான் 1855-இல் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். பிறகு அவை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோயின. 1985-இல் வண்டலூர்க் காட்டுக்கு. யார் வைத்த பெயரோ, 'காலேஜ்' என்ற சொல்லை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. போன மே மாதத்துக்குப் பிறகு அது இன்னும் உறைக்கிறது.

விடுமுறைக்கு வந்த பேத்தியை அழைத்துக்கொண்டு ஓர் உயிரியல் பூங்காவுக்குப் போனேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அவர்களுடைய தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு சோலைமந்தியின் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவை ஏற்றிருக்கிறேன். அவர்கள் தந்த சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பெண் கொடுத்த வீட்டுக்குப் போகிறவன் கண்ணில் குறையாகத்தானே படும்? எனக்கும் பட்டது.

வாசலில் புதிதாக ஒரு ஃபைபர் டைனோசர் வாயைப் பிளந்து நின்றது. அதற்கு முன்னால் செல்ஃபி மேடை, வண்ண விளக்கு. உள்ளே இரண்டு குடிநீர்க் குழாய்கள்; ஒன்றில் காற்று, மற்றதில் நூல் போலத் தண்ணீர். பேட்டரி காருக்கு நின்ற வரிசைக்கு மேலே நிழல் இல்லை. பாம்புப் பண்ணையின் பூட்டில் 'பராமரிப்புப் பணி' என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டைக்கே பராமரிப்பு தேவைப்பட்டது.

ஒருவழியாக எங்கள் வீட்டு மந்தியைத் தேடிப் போய்ச் சேர்ந்தோம். பெயர்ப் பலகை வெயிலில் வெளுத்து, 'குரங்கு' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்திலேயே 'கம்பியில் சாயாதீர்கள், உணவு போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்' என்ற பலகை, சிவப்பு பெயின்டில் பளபளவென்று. செய்யக்கூடாததை எல்லாம் சொல்லிவிட்டார்கள். எதைப் பார்க்கிறோம் என்பதைத்தான் சொல்ல ஆளில்லை.

"ஏன் தாத்தா, இதுக்கும் உன்னை மாதிரியே நரைச்சிருக்கு?" என்றாள் பேத்தி.

என்னிடம் பதில் இல்லை. வாளியோடு வந்த கீப்பரிடம் இருந்தது. "நரை இல்ல பாப்பா, அது பிடரி. அதைப் பார்த்துத்தான் சிங்கம்னு பேரு வந்துச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நீ வாலைப் பாரு."

பார்த்தோம். வால் நுனியில், சிங்கத்துக்கு இருப்பதுபோலவே ஒரு சின்னக் குஞ்சம். சிங்கவால் குரங்கு!

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது. மரத்திலேயே பிழைக்கிற பிராணி. பலாப்பழம் என்றால் உயிர். வால்பாறைப் பக்கம் காடு துண்டு துண்டாகிப்போனதால் ரோட்டைக் கடக்கத் தரைக்கு இறங்குகிறது, வண்டியில் அடிபடுகிறது. அதனால் மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். எட்டு நிமிடம் பேசியிருப்பார். அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த ஒரு பையன், "அண்ணே, இது எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டான். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் தம்பி. அதனாலதான் ஒண்ணு செத்தாலும் பெரிய நஷ்டம்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "அந்தப் பாலம் அறுந்துபோச்சுன்னா?" என்று பேத்தி மூன்று முறை கேட்டாள்.

புலி தூங்கினால் அது நிர்வாகத்தின் குற்றமில்லை. டிக்கெட் எடுத்தவனுக்காக எழுந்து நிற்கவேண்டும் என்று அதற்கு விதியுமில்லை. கல்லெறிந்து எழுப்பப் பார்க்கிற நம்மவர்களைச் சகித்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் ஆதங்கம், முதலில் செய்யவேண்டியது எது என்பதில்தான். 1998-இல் வந்த தேசிய உயிரியல் பூங்காக் கொள்கையே, பார்க்க வருகிறவர்கள் மனத்தில் விலங்குகள்பால் பரிவையும் புரிதலையும் உண்டாக்குவதை ஒரு நோக்கமாகச் சொல்கிறது. டைனோசரால் அது ஆகுமா?

லண்டன் பூங்காவில் 1934-இல் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞர் பென்குயின்களுக்கு ஒரு குளம் கட்டினார். ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு கான்கிரீட் சரிவுகள். கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் கான்கிரீட்டில் நடந்த பறவைகளுக்குப் பாதத்தில் நோய் கண்டது. 2004-இல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றினார்கள். சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம், இடிக்க முடியாது. பென்குயின் இல்லாத பென்குயின் குளமாக நிற்கிறது. பார்க்கிறவன் கண்ணுக்கென்று கட்டுவது விலங்குக்கும் உதவாமல், கடைசியில் பார்க்கிறவனுக்கும் உதவாமல் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்றே கோரிக்கை. குழாயில் தண்ணீர். பலகையில் எழுத்து. அந்தக் கீப்பருக்குத் தினம் அரை மணி நேரம், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேச அனுமதி. 'தங்கள் ஆலோசனை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அடுத்த மூன்று மாதத்துக்கான பணத்தைக் கட்டிவிட்டேன். எனக்கும் அலுவலகத்துக்கும் உள்ள வழக்கில் மந்தி ஏன் பட்டினி கிடக்கவேண்டும்?

செத்த காலேஜில் உடல்களைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். உயிர் காலேஜில் பாடம் நடத்த ஆள் வேண்டும். இந்த விடுமுறைக்கு நீங்கள் போனால், வாளியோடு வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் சொன்னதை எங்களுக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்