தண்ணிக்கு வில்லங்கம் பார்த்தீங்களா?

பூவன் தார் வெட்டு முடிஞ்சு ரெண்டு நாள் ஓய்வு கிடைச்சுது. மனசுல கிடந்து உறுத்துற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியோட அண்ணன், மலேசியாவுல ஈப்போ ஊர்ல இருபது வருஷத்துக்கு மேல லாரி ஓட்டினவர். போன தை மாசம் ஒரேயடியா ஊருக்கு வந்துட்டார். கையில இருக்கிற காசுக்கு நிலம் வாங்கணும்னு ஒரே பிடி. ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே திருவளர்சோலை, உத்தமர்சீலி பக்கம் ரெண்டு ஆத்துக்கும் நடுவுல விலை கேட்டுப் பார்த்தார். கேட்டுட்டு வாயைத் திறக்கல. கடைசியில தரகர் ஒருத்தர் புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் செம்மண் காடு ஒன்றரை ஏக்கர் இருக்குன்னு கூட்டிட்டுப் போனார். நானும் போனேன்.

நிலம் நல்லாத்தான் இருந்தது. போர் ஓடுது, கரண்ட் இருக்கு, பாதை இருக்கு. விலையோ அக்கம்பக்கத்து விலையில பாதி. ஏன் பாதின்னு யோசிச்சேன். மேட்டுப் பக்கமா ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர், துருப்பிடிச்ச கேட்டு, பெரிய பூட்டு.

"அது பழைய கெமிக்கல் கம்பெனிங்க. மூடி பதினஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப உள்ளே ஒண்ணும் கிடையாது"ன்னார் தரகர்.

பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ஆத்தாவைக் கேட்டேன். "ஏன் ஆத்தா, இந்தப் போர் தண்ணியக் குடிக்கிறதுண்டா?"

"குடிக்கிறதுக்குத்தான் பஞ்சாயத்துக் குழாய் இருக்கேப்பா. இது துணி அலச."

அவ்வளவுதான் சொன்னுச்சு. எனக்கு அது போதுமா இருந்தது. மச்சானுக்குப் போதல. "பத்திரம் சுத்தமா இருக்கு மாப்ள. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. ஒரு கடன் கிடையாது, ஒரு வழக்கு கிடையாது"ன்னார்.

திரும்பி வர்ற வழியில டீக்கடையில வச்சு நான் கேட்டேன். "மச்சான், ஈப்போவுக்குப் பக்கத்துல புக்கிட் மேரான்னு ஒரு ஊரைப் பத்திச் சொல்வீங்களே. அங்கேயும் கம்பெனி மூடினதுக்கு அப்புறம்தானே மலையைத் தோண்டிப் புதைச்சாங்க?" மனுஷன் டீயை அப்படியே கீழே வச்சுட்டார்.

அந்தக் கதை தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். மகள் போன்ல தேடிப் படிச்சுச் சொன்னதையும் சேர்த்துக்கிட்டேன்.

ஈயம் தோண்டின கழிவு மண்ணுல மோனசைட்னு ஒரு தாது இருக்கு. நம்ம கன்னியாகுமரி மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கிற அதே சரக்குதான். அதிலிருந்து அரிய மண் உலோகங்களை எடுத்தா, மிச்சமா தோரியம் கலந்த கழிவு வரும். தோரியத்துக்குக் கதிர்வீச்சு உண்டு. ஏசியன் ரேர் எர்த்னு ஒரு கம்பெனி, ஜப்பான் மிட்சுபிஷி கெமிக்கல் பங்கு போட்டது, 1982ல புக்கிட் மேராவுல இந்த வேலையைத் தொடங்குச்சு. கழிவைக் கொட்ட பாப்பான்கிற ஊரைப் பார்த்தாங்க. அந்த ஊர் ஜனம் 1984ல ரோட்டுக்கு வந்துட்டுது. அதே வருஷம் ஜப்பான்லேர்ந்து இச்சிகாவான்னு ஒரு பேராசிரியரைக் கூட்டிட்டு வந்து தொழிற்சாலையைச் சுத்தி அளந்தாங்க. அனுமதிச்ச அளவை விட ரொம்ப அதிகம்னு தெரிஞ்சுது. 1985ல ஊர்க்காரங்க எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. 1992 ஜூலையில ஜெயிச்சாங்க. 1993 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. ஆனா கம்பெனியே 1994 ஜனவரியில மூடிட்டுப் போயிடுச்சு. குழந்தைகளுக்கு ரத்தப் புற்று வந்தது இதனாலதான்னு ஜனம் சொல்லுச்சு, கம்பெனி ஒத்துக்கல.

கதை அங்கே முடியல. மூடின பிறகுதான் உண்மையான செலவே. பத்துக் கோடி டாலர் கணக்குல சுத்தம் பண்ணும் வேலை. 80,000 பீப்பாய்க்கு மேல கழிவு. கதிர்வீச்சு ஏறின மண்ணும் இடிச்ச கட்டடமுமா 11,000 லாரி லோடு. எல்லாத்தையும் பக்கத்து கிளெடாங் மலையில கொண்டுபோய்ப் புதைச்சாங்க. தோரியம் பாதியாக் குறையறதுக்கு 1,400 கோடி வருஷம் ஆகுமாம். நம்ம கல்லணை கட்டி ரெண்டாயிரம் வருஷம்னு பெருமையாச் சொல்றோம். ஒப்பிட்டுப் பாருங்க.

பூட்டு போட்டா கம்பெனி நிக்கும், தண்ணி நிக்காது. நான் சொல்ல வந்தது இதுதான்.

சரி, அளந்தாப் போதுமான்னா, அதுவும் போதாது. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஃபெர்னால்டுன்னு ஒரு இடம். அணுகுண்டு வேலைக்கு யுரேனியம் பக்குவம் பண்ணின ஆலை. அதுக்கு வச்ச பேர்ல "ஃபீட்"னு ஒரு சொல் இருந்ததால, அக்கம்பக்கத்து ஜனம் மாட்டுத் தீவனம் பண்றாங்கன்னு நினைச்சிருந்துச்சாம். எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வரல. ஏன்னா வேலிக்கு வெளியே இருந்த கிணறுகள்ல யுரேனியம் கலந்திருக்குன்னு 1981லயே அளந்து தெரிஞ்சுக்கிட்டாங்க. தண்ணி குடிச்ச ஜனத்துக்கு அது வெளிச்சத்துக்கு வந்தது 1984ல. மூணு வருஷம் அதே தண்ணியில சோறு பொங்கியிருக்காங்க. 1989ல ஆலை நின்னுது. 440 கோடி டாலர் செலவு பண்ணி 2006ல மேல் மண்ணைச் சுத்தம் பண்ணி முடிச்சாங்க. ஆனா அடித் தண்ணியை இறைச்சுச் சுத்தம் பண்ற வேலை அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஓடுது. மண்ணை லாரியில அள்ளிடலாம். தண்ணியை எங்கே அள்ளுறது?

அது வெளிநாடு. நமக்குப் பக்கத்துல ஆந்திராவுல கடப்பா மாவட்டம் தும்மலப்பள்ளி இருக்கு. இது மூடின இடம் இல்ல, ஓடிக்கிட்டிருக்கிற யுரேனியச் சுரங்கமும் ஆலையும். அங்கேயும் நம்மள மாதிரி வாழை விவசாயிங்கதான். கழிவுக் குட்டைத் தண்ணி நிலத்துல இறங்கி போர் கெட்டுப்போச்சு, வாழை கருகுதுன்னு கொட்டாலா கிராமத்து ஜனம் புகார் சொன்னாங்க. இந்தப் பாறையிலேயே யுரேனியம் இருக்கு, இது இயற்கைன்னு கம்பெனி தரப்பு சொல்லுது. ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ல வல்லுநர் குழு போட்டது.

யார் சொல்றது சரி? கம்பெனி சொல்ற காரணத்தைச் சும்மா தள்ளிடவும் முடியாது. கருங்கல் பாறை இருக்கிற பல இடத்துல ஆழ்துளைத் தண்ணியில யுரேனியம் தானா கரைஞ்சு வரும். இந்தியாவுல எத்தனையோ ஊர்ல அப்படி இருக்கு. ஆலை வர்றதுக்கு முந்தி ஒவ்வொரு விவசாயி போர்லேர்ந்தும் தண்ணி எடுத்து, அளந்து, அந்தச் சீட்டை அவங்க கையிலேயே கொடுத்திருந்தா இன்னிக்குச் சண்டையே இல்ல. அன்னைக்கு இவ்வளவு, இன்னைக்கு இவ்வளவுன்னு எடுத்துக் காட்டிடலாம். நிலத்துக்குச் சர்வே கல்லு நடுற மாதிரிதான் அது. கல்லு இல்லாத வரப்புக்கு எந்தக் கோர்ட்டுல போய் நியாயம் கேட்கிறது?

முந்தி அளக்காம விட்டுட்டாலும் ஒரு வழி இருக்குன்னு பிறகு தெரிஞ்சுக்கிட்டேன். அடித் தண்ணியும் மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் பொதுவா நகரும். சந்தேகப்படுற இடத்துக்கு மேற்புறம் இருக்கிற போர்ல ஒரு பாட்டில், கீழ்ப்புறம் இருக்கிற போர்கள்ல நாலஞ்சு பாட்டில் எடுக்கணும். எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்தா பாறையோட குணமா இருக்கலாம். மேலே குறைவா, கீழே அதிகமா வந்தா நடுவுல இருக்கிறதைத்தான் கேள்வி கேட்கணும். கோடையில ஒருதரம், மழைக்குப் பிறகு ஒருதரம் பார்க்கணும். நம்ம தெற்குப் பக்கம் மாதிரி பாறைப் பூமியில தண்ணி வெடிப்பு வழியா ஓடும். பக்கத்துக் கிணத்தை விட்டுட்டுத் தூரத்துக் கிணத்துல போய் நிக்கும். அதனால ஒரு போர் நல்லா இருக்குன்னு ஊரே நல்லா இருக்குன்னு சொல்லிட முடியாது. மண்ணையும் மேல ஒரு பிடி அள்ளினாப் போதாது. தோரியம் மாதிரிச் சரக்கு மண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதிகம் நகராது. யுரேனியம் தண்ணியோட கூடவே நடக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஆழத்துல தேடணும்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிறதுக்கு முந்தியே மச்சானும் நானும் ஒரு பாட்டில்ல அந்தப் போர் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். அங்கே இருந்த பொண்ணு மரியாதையாத்தான் கேட்டுச்சு: "ஐயா, எதைப் பார்க்கணும்?"

நாங்க ரெண்டு பேரும் முழிச்சோம். உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் பார்த்துத் தந்தாங்க. கொஞ்சம் உப்பு, மத்தபடி பரவாயில்லைன்னு சீட்டு வந்துச்சு. ஆனா அந்தச் சுவருக்குள்ளே என்ன இருந்துச்சுன்னு தெரியாம எதைத் தேடச் சொல்றது? குரோமியமா, பாதரசமா, கதிர்வீச்சுச் சரக்கா? கேட்டாத்தான் தேடுவாங்க. தேடினாத்தான் கிடைக்கும். என் கையில இருக்கிற மண்வள அட்டையில 12 அளவு போட்டிருக்கு. தழை, மணி, சாம்பல், துத்தநாகம்னு எல்லாம் பயிருக்கு என்ன குறையுதுன்னு சொல்றது. எது கூடாம கலந்திருக்குன்னு அதுல ஒரு வரி இல்ல.

நம்ம ராணிப்பேட்டையைப் பாருங்க. குரோமேட் தொழிற்சாலை மூடி கால் நூற்றாண்டு தாண்டிடுச்சு. லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவைத் திறந்த வெளியில குவிச்சுட்டுப் போனாங்க. மழை பெய்யப் பெய்ய அது பாலாத்துப் பக்கத்து நிலத்துல இறங்குச்சு. கதிர்வீச்சு இல்லைதான். ஆனா கதை அதே கதை. லாபம் பார்த்தவர் இல்ல, பக்கத்துக் கிணத்துக்காரன் இருக்கான்.

இப்படி எழுதினா "பீதியைக் கிளப்பாதே, நிலத்து விலை விழுந்துடும்"னு சொல்ற நண்பர்கள் இருக்காங்க. அவங்க பயமும் நியாயம்தான். மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விக்க நினைக்கிறவனுக்கு என் எழுத்து இடைஞ்சல்தான். ஆனா அளக்காத வரைக்கும்தான் பீதி. நல்லா இருக்குன்னு நாலு போர்லேர்ந்தும் சீட்டு வந்தா அதே நிலத்துக்கு முழு விலை கிடைக்குமே. கதிர்வீச்சுன்னு பேர் கேட்டதும் ஓடவும் வேண்டாம். தண்ணியில யுரேனியத்துக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்னு உலக சுகாதார நிறுவனம் அளவு வச்சிருக்கு. நம்ம அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வச்சிருக்கு. எதை வச்சுக்கணும்னு படிச்சவங்க பேசட்டும். எங்க போர்ல எவ்வளவுன்னு முதல்ல எங்ககிட்ட சொல்லட்டும்.

நான் கேட்கிறது மூணே விஷயம். ஆலையோ குப்பைக் கிடங்கோ வர்றதுக்கு முந்தி சுத்தியுள்ள போர், கிணறு, மண் எல்லாத்தையும் அளந்து, பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்ல தமிழ்ல எழுதி ஒட்டணும். மூடும்போது உள்ளே என்ன இருந்துச்சு, எதை எங்கே புதைச்சோம்னு பட்டியல் கொடுத்துட்டுத்தான் பூட்டணும். அப்புறம் அளக்கிறவர் அந்தக் கம்பெனி சம்பளம் வாங்காத ஆளா இருக்கணும். இது மூணும் ஒரு சீட்டுல வந்து வில்லங்கச் சான்றோட சேரணும். முப்பது வருஷத்துக்கு முந்தி எவனோ பேங்குல வாங்கின கடன் எனக்குத் தெரியுது. நான் குடிக்கப்போற தண்ணியில என்ன கடன் இருக்குன்னு தெரியல.

மார்ச் 22 தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை நடக்குது. உங்க ஊர்லயும் மூடிக் கிடக்கிற சுவர் ஒண்ணு இருந்தா அன்னைக்கு எழுந்து கேளுங்க. தீர்மானமா எழுதச் சொல்லுங்க. தண்ணி எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட விட்டு, பாட்டிலை அதே தண்ணியில மூணு தரம் அலசிப் பிடிங்க. உலோகம் பார்க்கணும்னா பாட்டிலைப் பரிசோதனைக் கூடத்துலேயே கேட்டு வாங்குங்க, அதுக்கு அமிலம் சேர்க்கணும். தேதி, ஆழம், யார் போர் எல்லாம் நோட்டுல எழுதி வைங்க. அந்த நோட்டுதான் உங்க சர்வே கல்லு.

மச்சான் தரகர்கிட்ட சொல்லிட்டார். "உள்ளே என்ன இருந்துச்சுன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. மேற்புறம் ஒரு போர், கீழ்ப்புறம் மூணு போர், பரிசோதனைச் செலவு நான் தர்றேன். அப்புறம் அட்வான்ஸ் பேசலாம்."

தரகர் போன வாரம் போன் பண்ணினார். பேப்பர் எல்லாம் கிடைக்காதாம். வேற பார்ட்டி வந்து அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களாம். சின்னக் குடும்பம், கைக்குழந்தை இருக்காம். அங்கேயே வீடு கட்டிக் குடி வரப் போறாங்களாம்.

அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தரகர்கிட்ட நம்பர் கேட்டிருக்கேன். இன்னும் தரல. நாளைக்கு மச்சானைக் கூட்டிக்கிட்டு நேர்லயே போய், அந்த ஆத்தாகிட்ட விசாரிக்கலாம்னு இருக்கேன்.