தெக்கோவா மேய்ப்பனின் வழக்கு

தீர்க்கதரிசி என்றதும் வருங்காலம் உரைப்பவர் என்றே எம்மிற் பலர் கருதுகின்றோம். பழைய எபிரேய மரபில் அவரது முதற் பணி அதுவன்று. அரசனும் ஆலயமும் கேட்க விரும்பாத வழக்கைக் கடவுளின் பெயரால் எடுத்துரைப்பதே அவரது கடமை. அத்தகையோருள் ஒருவரான ஆமோசை இவ்வாரம் நினைவு கொள்வோம்.

எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தொலைவில், பாலைநிலத்தின் விளிம்பில் இருந்த ஊர் தெக்கோவா. அங்கு ஆமோஸ் மந்தை மேய்த்தார். காட்டத்தி மரங்களையும் பராமரித்தார். காயைக் கீறிவிட்டுப் பழுக்க வைக்கும் தொழில் அது. ஏழைகளின் உணவு அப்பழம். இம்மனிதர் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எல்லை கடந்து, வடக்கே இஸ்ரவேல் அரசின் பெத்தேல் ஆலயத்தில் நின்று பேசினார்.

வடநாடு அப்பொழுது செழித்திருந்தது. இரண்டாம் யெரொபெயாம் 41 ஆண்டுகள் ஆண்டான். சமாரியாவின் செல்வர் தந்தம் இழைத்த கட்டில்களிற் கிடப்பதாக ஆமோஸ் சாடியது மிகைக்கூற்றன்று. 1930களில் அங்கு நடந்த அகழ்வாய்விலே தந்தச் செதுக்கல்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன.

அவர் முதலில் அயலவரையே சாடினார். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். ஊர் ஊராக மக்களைச் சிறைபிடித்து ஒப்படைத்தோர். எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியோர். கேட்டோர் தலையசைத்திருப்பர், பகைவன் மீதான தீர்ப்பு யாருக்குத்தான் கசக்கும்? ஆயின் மோவாபின் குற்றம் வேறு. ஏதோம் அரசனின் எலும்புகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினான் என்பதே அது. அதில் இஸ்ரவேலுக்கு எவ்வித இழப்பும் இல்லை. பகைவன் பகைவனுக்கு இழைத்த கொடுமையும் அந்த மன்றில் வழக்காயிற்று. இவ்விடத்துக்கு வரும்போதெல்லாம் நாம் சற்றே தயங்கி நிற்கின்றோம். எமக்கு நேர்ந்தவற்றை மட்டுமே எண்ணிப் பழகியவர்கள் அல்லவா நாம்!

பின்னர் அவ்வளையம் யூதாவைத் தொட்டு, கேட்டு நின்றோர் மீதே இறங்கியது. அவர்கள் அற்பக் கடனுக்காக ஏழையை விற்றனர். அளவையைச் சிறிதாக்கி, படிக்கல்லைப் பெரிதாக்கி, தானியத்தோடு பதரையும் விற்றனர். ஓய்வுநாள் எப்பொழுது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருந்தனர். அடகாகப் பெற்ற ஆடையைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தனர். ஏழைக்கு மேலாடையே இரவிற் போர்வை. பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பது அவர்களது சட்டம். தமஸ்குவுக்கும் அப்பால் மக்கள் சிறைபோவர் என்று ஆமோஸ் தீர்ப்புரைத்தார்.

பெத்தேலின் குருவான அமத்சியா அரசனுக்கு முறைப்பாடு அனுப்பினான். ஆமோசிடமோ, உன் நாட்டுக்கே ஓடிப்போய் அங்கு பிழைத்துக்கொள், இது அரசனின் ஆலயம் என்றான். (அச்சொற்கள் எமக்கும் புதியவையல்ல.) தாம் தொழில்முறைத் தீர்க்கதரிசியல்லர், மந்தையின் பின்னிருந்து அழைக்கப்பட்டவர் என்பதே ஆமோசின் மறுமொழி.

கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. 27,290 பேரைக் கொண்டு சென்றதாக மன்னன் இரண்டாம் சர்கோன் பொறித்து வைத்தான். அவர்களுள் தந்தக் கட்டிலிற் கிடந்தோர் எத்தனை பேர், மேலாடையை இழந்தோர் எத்தனை பேர் என்று அவன் பிரித்தெழுதவில்லை. ஆமோசின் தீர்ப்பில் எம்மை உறுத்தும் இடம் இதுவே.

1960இல், மத்தியதரைக் கடலோரத்துப் பழைய கோட்டையொன்றில், மையால் எழுதிய மட்பாண்ட ஓடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஆமோசுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் பிற்பட்டது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதுவித்த மனு அது. வேலையை முடித்த பின்னரும் மேற்பார்வையாளன் தன் ஆடையைப் பறித்துச் சென்றான் என்கின்றான். உடன் அறுத்தோர் சாட்சி சொல்வர், தான் குற்றமற்றவன், ஆடையை மீட்டுத் தருக என்று வேண்டுகின்றான். மனு எழுதியே பழகிய எமக்கு அதன் நடை அந்நியமன்று. ஓட்டின் இறுதி வரிகள் சிதைந்துள்ளன.