கோடையில் தூண்டில் வேண்டாமே!

மதுரையில் எல்லாம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. வைகையிலும் பாதி நாள் மணல் தான். அதனால் தானோ என்னவோ, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் தனி ஆசை. (என் மாணவர்கள் பலருக்கு, நான் கரும்பலகையில் வரைந்த கடல் தான் முதல் கடல்!)

அதிகாலை, 3 மணிக்கு வேனில் கிளம்பினால், பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி, விடியும் நேரத்தில் மண்டபம் வந்து விடும். பகலில் தூண்டில் போட்டு, பாம்பன் பாலத்தையும் பார்த்து, இரவு வீடு திரும்பி விடலாம். இப்படி ஒரே நாளில் போய் வரும் குடும்பங்கள் உண்டு. போவது நல்லது தான். போகிற மாதம் தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து, ஏப்ரல் கடைசியிலோ, மே மாதத்திலோ தான் கிளம்புகிறோம். அப்போது கடற்கரையில் என்ன நடக்கிறது தெரியுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் ஓய்வு இது. மீன்பிடி தடைக்காலம் என்பர். முன்பு, 45 நாட்களாக இருந்தது.

அந்த நாட்களில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சிலர் படகைப் பழுது பார்ப்பர், வர்ணம் அடிப்பர். சிலர் கிழிந்த வலையைத் தைப்பர். அரசு நிவாரணத் தொகை கொடுக்கிறது. அது, இரண்டு மாதச் செலவுக்குப் போதாது என்பது மீனவர்களின் குறை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்போது கோடை விடுமுறை தான்.

அப்பா கடலுக்குப் போகாமல் வலை தைத்துக் கொண்டிருப்பதை அந்தப் பிள்ளை பார்த்துக் கொண்டிருக்கும்போது, நாம் வேனில் போய் இறங்கி, முட்டையிட வந்த மீனைப் பொழுதுபோக்குக்காகத் தூக்குவது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து.

'கரையில் நின்று தூண்டில் போடத் தடை இல்லையே ஐயா...' என்பீர்கள். உண்மை தான், நாட்டுப்படகுகள் கூட அப்போது கடலுக்குப் போகின்றன. 'என் நாலு மீனால் கடல் வற்றி விடுமா?' என்றும் கேட்பீர்கள். வற்றாது. கடலின் அடியையே வாரிக் கொண்டு வரும் இழுவலையின் முன், உங்கள் தூண்டில் கொசுவுக்குச் சமம். ஆனால், நாட்டுப்படகுக்காரர் பிடிப்பது, வீட்டில் அடுப்பு எரிய. நாம் பிடிப்பது, போட்டோ எடுக்க. விட்டுக் கொடுக்க நம்மால் முடியும், அவரால் முடியாது.

காலாண்டு விடுமுறையில் போங்களேன்!

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்குக் கடலை, 'பெண் கடல்' என்றும், சீறும் தெற்குக் கடலை, 'ஆண் கடல்' என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வர். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் குளம் போல் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வடக்குக் கடலும் சீற ஆரம்பித்து விடும். அன்றைக்கு எந்தக் கரையில் நிற்கலாம் என்று, உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேட்ட பிறகே தூண்டிலை எடுங்கள்.

பெயர் தெரியாத மீனைத் தொடாதீர்கள். ஓரா மீனின் முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், கெளிறும் அப்படியே. பலூன் போல் உப்பும் பேத்தை மீனில் விஷம் உண்டு, சமைத்தாலும் போகாது. விரல் நீள மீன் மாட்டினால், கையை நனைத்துக் கொண்டு, மெல்ல முள்ளைக் கழற்றி, கடலிலேயே விட்டு விடுங்கள். நைலான் நரம்பு சிக்கினால், அறுத்து எறியாதீர்கள், அது மட்காது. ஆமையின் கழுத்திலும், துடுப்பிலும் சுற்றிக் கொள்ளும்.

இன்னொன்று... மண்டபம் முதல் துாத்துக்குடி வரை உள்ள தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசிய பூங்கா. 'ஒரு தீவில் இறக்கி விடுங்க அண்ணே...' என்று படகுக்காரரைக் கெஞ்சாதீர்கள். வனத் துறையிடம் மாட்டினால், அவர் பிழைப்பு போய் விடும்.

மே மாதம் தான் போக முடியும் என்றால், தூண்டிலை வீட்டில் வைத்து விட்டுப் போங்கள். 2025ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே எழும்பும். வலை தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முடிச்சுப் போடக் கற்றுக் கொள்ளலாம். மீன் இல்லாமல் ஊர் திரும்ப வெட்கமாக இருந்தால், நாட்டுப்படகு கரை சேரும் இடத்தில் வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டு வாருங்கள். அப்பா பேரம் பேச ஆரம்பித்தால், சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியது உங்கள் வேலை.