ஏரை இறக்கிவைத்தபின் அறுபது வயது வரையில்

உத்தியோகஸ்தர் ஓய்வு பெறும் நாள் இன்னதென்று உத்தரவிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. பயிர்த்தொழில் செய்வோருக்கு அந்நாளைக் குறிப்பவை அவர்களுடைய முழங்காலும் முதுகுமேயாம். சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை முதலிய ஊர்களில் கார்ப் பருவத்துச் சேற்றிலும் பிசானத்துப் பனியிலும் முப்பது ஆண்டுகள் உழைத்த குடியானவர், ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து வயதில் ஏரை இறக்கிவைக்க விரும்புவது இயல்பே. ஆயின் அவருக்கென்று ஏற்பட்ட ஓய்வூதியம் அறுபதிலேதான் தொடங்குகிறது. இடைப்பட்ட ஆண்டுகளைக் கடத்துவதற்குப் பெரும்பாலோர் கையாளும் வழிகள் இரண்டு. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுவிடுவது ஒன்று. முழுவதையும் மக்கள் பேருக்கு எழுதிவைத்து அவர்கள் கையை எதிர்பார்த்திருப்பது மற்றொன்று. இரண்டும் நல்ல வழிகள் அல்ல.

முதலில் அறுபதில் வருவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மத்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி கிஸான் மான்தன் திட்டம், இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் வரையில் நிலமுடைய குடியானவர்களுக்கு உரியது. பதினெட்டு வயது முதல் நாற்பது வயதுக்குள் சேர்தல் வேண்டும். சேரும் வயதுக்குத் தக்கபடி மாதம் ரூ. 55 முதல் ரூ. 200 வரை செலுத்தினால், சர்க்காரும் அதே தொகையைச் செலுத்தும். அறுபது வயதுக்குப்பின் மாதம் ரூ. 3,000 கிடைக்கும். 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் பணம் வருவது அறுபதிலேதான். மாகாணத்தில் 1962 முதல் வழங்கப்பட்டுவரும் முதியோர் உதவியோ ஆதரவற்றோருக்காக ஏற்பட்டது. நிலமுடையவர் அதை நம்பியிருப்பதற்கில்லை.

ஒரு குடும்பத்துக்கு மாதம் ரூ. 12,000 வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பத்துமூன்று முதல் அறுபது வரையுள்ள ஏழு ஆண்டுகளுக்கு ரூ. 10,08,000 ஆகிறது. இத்தொகைக்காக நிலத்தை விற்றவர் அறுபதாம் வயதில் பெறுவது தம் செலவில் காற்பங்கே. உத்தியோகஸ்தர் கைமுதலைச் செலவழித்து இடைக்காலத்தைக் கடந்தால், அக்கரையில் அவருக்கு ஓய்வூதியம் காத்திருக்கும். குடியானவருக்கு அக்கரையில் இருப்பது ரூ. 3,000; அதுவும் 2019-இல் வகுத்த தொகை, விலைவாசியோடு ஏறும் என்ற ஏற்பாடு இல்லாதது. ஆகவே அவர் இடைக்காலத்தை முதலைக்கொண்டு கடக்கலாகாது. விளைவைக்கொண்டே கடத்தல் வேண்டும்.

மக்கள் பேருக்கு எழுதிவைப்பதில் உள்ள அபாயம் இன்னும் நுட்பமானது. குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவாதலால், பலர் ஆலோசனையின்றி எழுதிவிடுகின்றனர். தானமாகக் கொடுத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட சொத்தை, மனம் மாறியது என்ற காரணத்தால் திரும்பப் பெறச் சட்டம் இடங்கொடாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்துவிட்டதே என்று கூறுவோர் உண்டு. அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை தவறினால் மீட்க வழி செய்வது மெய்யே. ஆயின் அப்பிரிவு பேசுவது மூத்த குடிமகனைப்பற்றி. மூத்த குடிமகன் என்பவர் அறுபது வயது நிரம்பியவர். ஐம்பத்தைந்தில் எழுதிக்கொடுத்தவர் மக்களிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம்; அப்பிரிவின் முழுப் பாதுகாப்பும் தமக்கு உண்டு என்று எண்ணியிருக்க இயலாது. பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படாதிருந்தால் வழக்கு எத்துணைக் கடினமாகும் என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று காட்டியது. 2025-இல் வந்த மற்றொரு தீர்ப்பு சற்றுத் தாராளமாக இருப்பினும், தீர்ப்பை நம்பிப் பத்திரம் எழுதுவது விவேகமன்று.

ஜெர்மனி நாட்டுக் குடியானவர் பண்ணையை மகனிடம் ஒப்புவிக்கும்போது, தமக்குக் குடியிருக்க அறை, ஆண்டுக்கு இவ்வளவு தானியம், நாளுக்கு இவ்வளவு பால் என்று எழுதி வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அதனால் அங்கே தந்தைமார் மக்கள்மீது அன்பில்லாதவர் என்று எவரும் கருதியதில்லை. தமிழ்நாட்டுப் பத்திரங்களிலும் ஆயுள்கால அனுபவ பாத்தியம் என்ற ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. தந்தையும் தாயும் உள்ளளவும் விளைவை அனுபவிப்பது, அவர்களுக்குப்பின் மக்களுக்குச் சேர்வது என்று எழுதினால் போதும். உயிலாக எழுதிவைத்தால் பின்னும் நலம். அதை உயிருள்ளவரை மாற்றிக்கொள்ளலாம்.

நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உழைப்பைமட்டும் குறைப்பது எவ்வாறு? குத்தகைக்கு விடலாம் என்றால், 1955-ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை எண்ணிப் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஒழுங்காகக் குத்தகை செலுத்துபவரை எளிதில் வெளியேற்ற முடியாது. ஆதலால் ஒரு பகுதியை மட்டும் அறிந்தவரிடம் விட்டு, எஞ்சியதை ஆள் வேலை குறைந்த பயிருக்கு மாற்றுவது தகும். இப்பக்கத்துச் சூரியகாந்தி வயல்களைக் காண ஆண்டுதோறும் வெளியூரார் திரண்டு வருகின்றனர். அவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனபின், கதிரறுத்து விதை தட்டும் பாடு நிலத்துக்காரருக்கே. சின்ன வெங்காயத்திலும் களையெடுப்பு ஓயாது. தென்னையோ காய்க்கத் தொடங்கியபின் அவ்வளவு ஆள் கேட்பதில்லை. நெட்டைத் தென்னை ஆறேழு ஆண்டுகளில் காய்க்கும். நாற்பத்தைந்தில் வைத்த கன்று, ஏரை இறக்கும் வயதில் பலன் தரும். ஐம்பத்துமூன்றில் வைப்பது பேரனுக்காக. வெள்ளைஈ போன்ற பூச்சிகளும் விலைச்சரிவும் உண்டாதலால், எல்லா நிலத்தையும் தென்னைக்கே விடுவதும் தவறு.

மகசூல் நன்றாயிருந்த ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தைத் தபாலாபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டுவைக்கலாம். அதற்கு அறுபது வயது ஆகவேண்டும் என்ற தடையில்லை. 2023 ஏப்ரலில் இருந்த நூற்றுக்கு 7.4 வட்டி வீதத்தில், ஐந்து லட்சத்துக்கு மாதம் ரூ. 3,000-க்குச் சற்று மேல் வருகிறது. முதலும் குறையாது.

ஐரோப்பியக் கூட்டமைப்பில் 1992-ஆம் ஆண்டு விதியொன்றின்படி, ஐம்பத்தைந்து வயது நிரம்பிப் பண்ணையைப் பிறரிடம் ஒப்புவித்த உழவருக்கு, முறையான ஓய்வூதிய வயது வரையில் உதவி வழங்க ஏற்பாடாயிற்று. இங்கே 2019-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அத்தகைய இடைக்கால உதவி சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்படவேண்டும் என்று குடியானவர் சங்கங்கள் கேட்பது நியாயமேயாகும்.

வருமானம் இடையில் நின்றுபோவது கிராம அதிகாரிகளுக்கும் புதிதன்று. 1980 நவம்பரில் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒரே அவசரச் சட்டத்தால் எடுக்கப்பட்டபோது, கர்ணங்களும் முன்சீப்புகளும் எவ்வித முன்னறிவிப்புமின்றி வேலையிழந்தனர். இன்றைய கிராம நிர்வாக அதிகாரியிடம் பட்டா மாறுதலுக்காக வரும் காகிதம், பத்திரம் பதிவான பிறகே வருகிறது. அதற்கு முன்பே, அடங்கல் பார்க்கவும் சான்று வாங்கவும் வரும் குடியானவரிடம், பத்திரத்தில் ஆயுள்கால பாத்தியம் எழுதப்படுகிறதா, மனைவியின் பெயரும் அதில் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பது அவரால் இயலும்.